தோஸான்: ஜப்பான் கடைகளில் தொங்கும் சாந்தோம்

ஜப்பானுக்குப் போகிறவர்கள் "அங்கேருந்து என்ன வாங்கிட்டு வரலாம்?" என்று கேட்டால், வழக்கமான பதில்கள் தயாராக இருக்கும். விசிறி, கோகேஷி மரப்பொம்மை, கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூனை, கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ஒரு யுகாதா. டோக்கியோவில் அசாகுசா கோயிலுக்குப் போகும் நகாமிசே தெருவில் நுழைந்தால் அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வராத ஒரு சாமானைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பார்வைக்கு ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஒரு கோடு போட்ட பருத்தித் துணி, அவ்வளவுதான்.

டோக்கியோவின் இகெபுகுரோ நிலையத்திலிருந்து ரயிலில் அரைமணி நேரம் போனால் கவகோயே என்று ஒரு ஊர். 'சின்ன எடோ' என்று சொல்லிச் சுற்றுலாக்காரர்களை இழுக்கிற ஊர். 1893-ல் பெரிய தீவிபத்து நடந்தது. அதற்குப் பிறகு வியாபாரிகள் தீப்பிடிக்காதபடி தடித்த மண்சுவரும் கறுப்புப் பூச்சுமாகக் கட்டிய கிடங்குக் கடைகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. அங்கே துணிக்கடைகளில் 'கவகோயே தோஸான்' என்று ஒரு துணி கிடைக்கும். அடர்ந்த அவுரி நீலத்தில், நூல் நூலாக மெல்லிய கோடுகள். சிவப்பு, வெளிர்நீலம், பழுப்பு, வெள்ளை. எல்லாம் செங்குத்துக் கோடுகள். கிமோனோவுக்குத் துணியாகவும் விற்பார்கள்; அது கட்டுப்படியாகாதவர்களுக்குச் சில்லறைப் பை, கண்ணாடி உறை என்று சின்னச் சின்ன உருப்படிகளும் உண்டு. உள்ளூர்ப் பாரம்பரியம் என்றுதான் சொல்லி விற்கிறார்கள். அது பொய்யும் இல்லை.

ஆனால் அந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் வேறு ஒரு ஊர் வெளியே வரும்.

தோஸான் என்பது சுருக்கம். முழுப்பெயர் 'தோ-ஸாந்தோமே'. 'தோ' என்பதை எழுதும் சீன எழுத்து தாங் வம்சத்தைக் குறிப்பது. ஜப்பானியர்களுக்கு அது முதலில் சீனாவைக் குறித்தது, பிறகு கடல்கடந்து வருகிற எதற்கும் பொது அடைமொழி ஆகிவிட்டது. நாம் 'சீமை' என்று சொல்வோமே, சீமை எண்ணெய், சீமைச் சாராயம், அதுபோல. மிச்சம் இருக்கும் 'ஸாந்தோமே'? ஆமாங்க, நம்ம சாந்தோம்தான். மயிலாப்பூருக்குப் பக்கத்துக் கடற்கரை.

போர்த்துக்கீசியர்கள் 1520-களில் மயிலாப்பூர்க் கரையில் குடியேறி, இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை இருக்கும் இடம் என்ற நம்பிக்கையில் ஊருக்கு 'சாவோ தோமே' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் துறைமுகத்திலிருந்து ஏறிய பருத்தித் துணிகள் கிழக்கே மலாக்காவுக்குப் போயின. 1543-ல் ஜப்பானைத் தொட்ட போர்த்துக்கீசியர்கள், 1571 முதல் நாகசாகியில் நிலையாக வியாபாரம் செய்தார்கள். அந்தத் தொடர்பில் 'சாவோ தோமே' என்ற பெயர் ஜப்பானியர் நாக்கில் 'ஸாந்தோமே' ஆனது. கோடு போட்ட சோழமண்டலப் பருத்திக்கே அது பெயராகிவிட்டது. இந்தத் துணி மயிலாப்பூரிலேயே நெய்தது என்று அர்த்தம் இல்லை, கவனிக்கவும். நெய்தவர்கள் கரை நெடுகப் பல ஊர்களில் இருந்தார்கள். கப்பலேறிய துறையின் பெயர் துணிக்கு ஒட்டிக்கொண்டது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர் இருக்கிறதே, அதுவும் இதே கதைதான். அது பழவேற்காடு.

இன்னொன்று. அந்தக் காலத்து ஜப்பானுக்குப் பருத்தியே புதுசு. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில்தான் அங்கே பருத்திச் சாகுபடி பரவியது. அதுவரை சாமானிய ஜனங்களுக்குச் சணல் வகை நார்த்துணிகள்தான். ஆக, நாம் 'பாரம்பரிய ஜப்பானியப் பருத்தி யுகாதா' என்று வாங்கும்போது, அந்தப் பாரம்பரியத்துக்கு இருக்கிற வயசு நம்ம ஊர்த் துணி ஏற்றுமதியின் வயசை விடக் கம்மி!

கோடுகளும் அப்படித்தான். பழைய ஜப்பானிய மொழியில் கோட்டுக்கு 'சுஜி' என்றுதான் பெயர். இன்று எல்லோரும் சொல்லும் 'ஷிமா' என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஷிமா என்றால் தீவு. தெற்கே தீவுகளின் வழியாக வந்த சரக்கு என்பதால் 'ஷிமா-மோனோ', தீவுச் சாமான், என்று அழைத்திருக்கிறார்கள். அந்தச் சாமானில் கோடு போட்டது அதிகம். அதனால் கோட்டுக்கே தீவின் பெயர் வந்துவிட்டது என்பதுதான் பரவலான விளக்கம். எனக்கு இது ரொம்பப் பிடித்த சொல்வரலாறு. சரக்கு வந்த வழியே ஒரு வடிவத்தின் பெயராக மாறியிருக்கிறது, பாருங்கள்.

ஒரு கிமோனோக் கடைக்குள் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் இப்படி நிறையக் கிடைக்கும். கிமோனோவுக்கு உள்ளே போடும் 'ஜுபான்' போர்த்துக்கீசியச் சொல். வெள்ளைக் காலுறையான தாபியைத் தைக்கும் 'க்யாராகோ' துணி, ஆங்கிலம் வழியாகப் போன கோழிக்கோடு. கியோட்டோ வீடுகளின் மரச்சட்டத்தில் பூசிய செங்காவி 'பெங்காரா' வங்காளம். கோட்டுத் துணிகளில் 'பெங்காரா-ஜிமா' என்றும் ஒரு வகை உண்டு. 'சாவு-ஜிமா' என்ற பட்டு, மும்பைக்குத் தெற்கே உள்ள சவுல் துறைமுகம். (தமிழில் அந்தப் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது!)

சரி, ஸாந்தோமேக்கு வருவோம். 1639-ல் போர்த்துக்கீசியர்களை ஜப்பான் அடியோடு வெளியேற்றியது. 1641 முதல் டச்சுக்காரர்கள் மட்டும், அதுவும் நாகசாகியில் தேஜிமா என்ற விசிறி வடிவச் செயற்கைத் தீவுக்குள் அடைபட்டு, வியாபாரம் செய்யலாம் என்று ஆனது. சீனக் கப்பல்களும் வரலாம். டச்சுக் கம்பெனிக்குச் சோழமண்டலத்தில் தலைமையிடம் பழவேற்காடு. 1613-ல் அங்கே கோட்டை கட்டினார்கள். பிறகு நூற்றாண்டின் கடைசியில் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். துணி இங்கிருந்து படேவியா (இன்றைய ஜகார்த்தா) போய், அங்கிருந்து வருஷத்துக்குச் சில கப்பல்களில் நாகசாகி போகும். சாந்தோமோ அதற்குள் களைத்துப் போயிருந்தது. 1662-ல் கோல்கொண்டாவிடம் விழுந்தது, பத்து வருஷம் கழித்து பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1674-ல் அவர்களும் போனார்கள். துறைமுகம் பெருமை இழந்த பிறகும், அதன் பெயரில் துணி ஜப்பானில் விற்றுக்கொண்டே இருந்தது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்குத் துணி பிடித்துக் கொடுத்த பெருவணிகர்களின் பெயர் தெரியும். 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சுதப்ப செட்டியும் அவர் தம்பி சின்னண்ண செட்டியும். கம்பெனிக் கணக்குகளில் துணியின் வகை, எண்ணிக்கை, விலை எல்லாம் இருக்கும். சாயவேரைத் தோண்டியவர், நூலைப் படிகாரத்தில் நனைத்துச் சிவப்பேற்றியவர், தறியில் உட்கார்ந்தவர், இவர்கள் பெயர் இருக்காது. துணியின் உயிர் அவர்களிடம்தான் இருந்தது. பருத்தியில் ஏறி, துவைத்தாலும் வெளுக்காத சிவப்பு அன்றைக்கு உலகத்தில் எல்லோருக்கும் கைவந்த வித்தை இல்லை. சோழமண்டலக் கரையின் சாயவேரும் அவுரியும் சேர்ந்த சிவப்பு-நீலக் கோடுதான் ஸாந்தோமேயின் முகம்.

அதை ஜப்பானில் யார் வாங்கினார்கள் என்பதில்தான் சுவாரசியம்.

தோகுகாவா ஆட்சியில் யார் எதை உடுத்தலாம் என்று அரசு கட்டளை மேல் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும். குடியானவர்களுக்குப் பருத்தியும் நார்த்துணியும் போதும் என்று 1628-ல் ஒன்று. 1683-ல் பெண்களின் உடையில் பொன் சரிகை, பூத்தையல், துணி முழுக்கச் சுங்குடி போல முடிச்சிட்டுச் சாயமேற்றும் வேலை, எல்லாம் கூடாது என்று ஒன்று. எடோ, ஓசகா நகரத்து வியாபாரிகளிடம் பணம் கொட்டிக் கிடந்தது. ஆனால் சாமுராய்க்குக் கீழே, சமூகத்தின் கடைசிப் படி. பணத்தைக் காட்டவும் வேண்டும், காட்டியதாகத் தெரியவும் கூடாது. என்ன செய்வது? பருத்திக்குத் தடை இல்லையே! தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நீலம், ஏதோ சாதாரணப் பருத்தி. கிட்ட வந்தால் மயிரிழைக் கோடு, பட்டு மாதிரி வழுவழுப்பு, கடல்கடந்த சரக்கு, எக்கச்சக்க விலை. அதிகாரி பார்த்தால் பருத்தி. விவரம் தெரிந்தவன் பார்த்தால் தோஸான்.

இந்த அடக்கமான ஆடம்பரத்துக்கு எடோக்காரர்கள் வைத்த பெயர் 'இகி'. தமிழில் ஒரே சொல்லில் சொல்ல வரவில்லை. மிடுக்கு, நாசூக்கு, ஒரு விலகல், மூன்றும் கலந்தது என்று வைத்துக்கொள்ளலாம். தத்துவப் பேராசிரியர் குகி ஷூஸோ 1930-ல் இந்த இகியைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். எல்லா வடிவங்களிலும் மிகவும் இகியானது செங்குத்துக் கோடு என்பது அவர் கட்சி. ஜப்பானிய ரசனையின் சாரம் என்று இன்றைக்கும் கொண்டாடப்படுகிற ஒன்றுக்கு உடம்பு கொடுத்த துணிகளில் முக்கியமானது சோழமண்டலத்துத் துணி என்றால், 'தூய பாரம்பரியம்' என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கத்தான் வேண்டும். இது இரண்டு நாட்டுக்கும் பொருந்தும்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1614-ல் கிறிஸ்தவ மதம் ஜப்பான் முழுக்கத் தடை செய்யப்பட்டது. நாகசாகியில் ஜனங்களை வருஷா வருஷம் இயேசு, மரியாள் உருவம் பதித்த தகட்டை மிதிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். மிதிக்க மறுத்தவர்கள் சித்திரவதைப்பட்டுச் செத்தார்கள். அதே நாட்டில், அதே காலத்தில், நாகரிகக் கனவான்கள் ஒரு அப்போஸ்தலரின் பெயரைச் சொல்லித் துணி கேட்டு வாங்கி உடுத்திக்கொண்டிருந்தார்கள்! யாருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை. ஒலிக்கு ஏற்ற இரண்டு சீன எழுத்துகளைப் போட்டு ஸாந்தோமே என்று எழுதியாகிவிட்டது. அந்த எழுத்துகளைப் பார்த்தால் மரச்சட்டமும் நிறுத்தமும்தான் ஞாபகம் வரும், புனிதரோ ஊரோ வராது. பிறகு தோ-ஸாந்தோமே சுருங்கித் தோஸான் ஆனபோது நடந்ததைப் பாருங்கள். தோமா விழுந்துவிட்டார். மிஞ்சிய 'ஸான்' என்பது 'சாவோ', அதாவது 'புனித'. யார் புனிதர் என்பது காணாமல் போய், அடைமொழி மட்டும் துணியில் நிற்கிறது.

துணி மட்டும் இல்லை. இந்தியாவிலிருந்து போன சுருக்கம் விழுந்த பதனிட்ட தோலுக்கும் 'ஸாந்தோமே தோல்' என்று பெயர். புகையிலைப் பை செய்ய அதற்குக் கிராக்கி. அச்சுப் போட்ட, கையால் வரைந்த பூத்துணிகள் 'ஸராஸா' என்ற பெயரில் போயின. அவற்றின் முக்கியமான ஊற்றும் சோழமண்டலம்தான். இந்த ஸராஸாவை ஜப்பானியர்கள் நடத்திய விதம் நம்மைக் கொஞ்சம் கூச்சப்பட வைக்கும். தேநீர்ச் சடங்குக்கான பாத்திரத்தைச் சுற்ற, சின்னப் பை தைக்க, உள்ளங்கை அளவுத் துண்டுக்குக் கூட மதிப்பு. ஹிகோனே ஊரின் ஈ பிரபு குடும்பம் சேர்த்து வைத்த சுமார் 450 ஸராஸாத் துண்டுகள் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கே பழைய துணி பாத்திரக்காரரிடம் போய் எவர்சில்வர் டம்ளராக வந்தது. அங்கே கிழிசலையும் பத்திரப்படுத்தினார்கள். நமக்கு அது தினப்படி, அவர்களுக்கு அபூர்வம் என்பதும் உண்மைதான். வெயிலும் கரையானும் இங்கே அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சோழமண்டலத் துணியின் வரலாற்றை எழுத வருகிறவர் ஜப்பான் வரைக்கும் போகவேண்டியிருப்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

வாங்கிப் பார்த்தவர்கள் செய்து பார்க்காமல் விடுவார்களா? 1778-ல் ஸராஸா வடிவங்களையும் சாயமுறைகளையும் சொல்லும் கையேடு ஒன்று அச்சாகி வந்தது. 1781-லும் 1785-லும் அதேபோல் இன்னும் இரண்டு. நெசவாளர் வீடுகளில் 'ஷிமா-சோ' என்ற கோட்டு நோட்டு இருக்கும். பழைய கணக்குத் தாளில் விரல் அகலத் துணித் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள், அடுத்த பாவு ஓட்டும்போது பார்த்துக்கொள்ள. கியோட்டோவிலும் ஓவாரி பக்கத்திலும் உள்ளூர் ஸாந்தோமே நெய்ய ஆரம்பித்தார்கள். உள்ளூர்ச் சரக்கு பெருகியதும், அசலைப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவை வந்தது. 'தோ' என்ற சீமை அடைமொழிக்கு அப்போதுதான் முழு வேலை.

துணிக்குப் பதில் என்ன வந்தது? முதலில் வெள்ளி, பிறகு முக்கியமாகத் தாமிரம். ஷிகோகு தீவின் பெஸ்ஷி போன்ற சுரங்கங்களில் எடுத்து, ஓசகாவில் சுத்தம் செய்து, சின்னக் கம்பிகளாக வார்த்த சிவந்த தாமிரம். டச்சுக்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குத் தூக்கிக்கொண்டு போனதைவிட ஆசியச் சந்தைகளில் விற்றதுதான் அதிகம். சோழமண்டலம் அதில் ஒரு பெரிய சந்தை. காசு அடிக்கவும் பாத்திரம் செய்யவும் இங்கே தாமிரம் தேவைப்பட்டது, மண்ணில் போதுமான அளவு இல்லை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் செப்புக்காசு அடித்தார்கள். அந்த உலைகளுக்குத் தாமிரம் வந்த வழிகளில் ஜப்பானும் ஒன்று. ஆக, அங்கே ஒரு வியாபாரி உடம்பில் சாந்தோம் ஏறியபோது, இங்கே ஒருவர் மடியில் ஜப்பான் முடிந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் மற்றவர் இருப்பதே தெரியாது.

இனி கவகோயே எப்படி உள்ளே வந்தது என்ற கேள்வி. 1859-ல் யோகோஹாமா துறைமுகம் திறந்தது. கப்பலில் இங்கிலாந்து ஆலைகளின் மெல்லிய நூல் வந்து இறங்கியது. கவகோயே வியாபாரிகள் அந்த நூலை வாங்கிச் சுற்றுவட்டாரத் தறிகளில் தோஸான் நெய்ய வைத்தார்கள். கையால் நூற்று அந்த மென்மையைக் கொண்டுவருவது ஜப்பானில் சிரமமாக இருந்தது. ஆலை நூல் அதைச் சுலபமாக்கியது. விலை இறங்கியது, எடோ நகரமே வாங்கியது, 'கவாதோ' என்று செல்லப்பெயரும் வந்தது.

இந்த இடத்தில்தான் கதை கசக்கிறது. அதே இங்கிலாந்து நூல் அதே நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலும் இறங்கியது. இங்கே கைராட்டையில் நூற்றுக் கஞ்சி குடித்த பெண்களின் பிழைப்பு அதில்தான் போனது. நெசவாளர்கள் ஆலை நூலுக்கு மாறித் தட்டுத்தடுமாறிப் பிழைத்தார்கள். நூற்றவர்களுக்கு மாற வேறு இடம் இல்லை. சாந்தோம் பெயர் தாங்கிய துணி ஜப்பானில் உள்ளூர்ச் சொத்தாகப் பிறந்ததும், அந்தத் துணிக்கு முதலில் நூல் கொடுத்த கைகள் இங்கே ஓய்ந்ததும் ஒரே சரக்கால். கவகோயே நெசவாளர்மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. கிடைத்த நூலில் நெய்தார்கள், நன்றாக நெய்தார்கள். பிறகு அவர்கள் தொழிலும் மங்கி, ஆர்வலர்களால் மீட்டெடுக்கப்பட்டதுதான் இன்று கடையில் இருப்பது.

அதனால் "இது நம்மளோடது, ஜப்பான்காரன் எடுத்துக்கிட்டான்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு ஒப்புதல் இல்லை. காசு கொடுத்து வாங்கினார்கள், பெயரை மறக்காமல் வைத்திருந்தார்கள், முந்நூறு வருஷம் அதோடு மெனக்கெட்டிருக்கிறார்கள். சிபா மாகாணத்தில் ததேயாமா என்ற ஊரில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக, செடிகொடிச் சாயத்தில் நூலை நனைத்து, கையால் நெய்து, நெய்த துணியைச் சுத்தியால் அடித்து அந்தப் பளபளப்பை ஏற்றித் தோஸான் செய்துவருகிறது. மாகாண அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் இந்த ஊர்ப் பெயரில் ஒரு துணி இருந்தது என்று சொன்னால், எத்தனை பேர் நம்புவார்கள்?

வாங்கப் போகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில விஷயம். ஜப்பானில் 1974-ல் வந்த பாரம்பரியக் கைத்தொழில் சட்டம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் கைவேலை, அன்றாட உபயோகம், சுமார் நூறு வருஷத் தொடர்ச்சி, இன்ன பகுதியில் ஓரளவு பரவலான உற்பத்தி என்று நிபந்தனைகளை வைத்து, தேறியதற்கு ஒரு முத்திரை கொடுக்கிறார்கள். விலை உயர்ந்த சாமான் வாங்கும்போது அந்த முத்திரையைத் தேடுவது நல்லது. ஆனால் முத்திரை இல்லாததெல்லாம் போலி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே குடும்பம் நெய்கிற ததேயாமா துணி மாதிரியானவை இந்த வலையில் சிக்குவது கஷ்டம்.

கவகோயேயில் தோஸான் வாங்கினால் கைத்தறியா இயந்திரத் தறியா என்று கேட்டு வாங்குங்கள். விலையில் வித்தியாசம் இருக்கும், சொல்லிவிடுவார்கள். கிமோனோத் துணி 'தான்' என்ற அளவில் வரும், ஒரு தான் சுமார் 36 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். இந்த அகலத்தில் நம்ம ஊர்ச் சட்டை தைக்க ஒட்டுப் போடவேண்டியிருக்கும், ஆசைப்பட்டு வாங்கிவிட்டு டெய்லரிடம் திட்டு வாங்காதீர்கள்.

பழசு வேண்டும் என்றால் கியோட்டோவுக்குப் போகும் தேதியை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் 21-ஆம் தேதி தோஜி கோயிலிலும், 25-ஆம் தேதி கிதானோ தென்மாங்கு கோயிலிலும் பெரிய சந்தை கூடும். பழைய கிமோனோக்கள் குவியல் குவியலாகக் கிடக்கும். அதற்குப் பக்கத்தில் பெட்டி நிறைய வெட்டுத் துண்டுகள் இருக்கும், அவற்றுக்கு 'ஹகிரே' என்று பெயர். "தோஸான் இருக்கா, ஸராஸா இருக்கா" என்று அந்த இரண்டு சொல்லை மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தைக் கடைக்காரரே எடுத்துப் போடுவார். அடர்நீலத்தில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.